கண்டதும் கொண்டதும்

தொலைவிற் கிடப்பதைத் தன் இருக்கை விட்டு நீங்காமலே கண்டுவிடல் வேண்டும் என்னும் வேட்கை மக்களுக்கு மிகப் பழையது. வெற்றிலையில் மை தடவிக் களவுபோன பொருளைத் தேடும் வழக்கம் நம் சிற்றூர்களில் உண்டு. பாரதக் கதையில், கண்ணிலா அரசன் அருகில் இருந்துகொண்டே சஞ்சயன் போர்க்களம் முழுவதையும் கண்டு கூறுகின்றான். சங்கச் செய்யுட்களில் கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கின்றாள்; வேலன் கழங்கு இட்டுப் பார்க்கின்றான். இவர்கள் பார்வையில் ஒரு வேடிக்கை உண்டு. தலைவியின் உடல் மெலிந்தது உண்மை. வளை கழன்றது உண்மை. கழங்கில் குறி தோன்றுவதும் தாயின் கண்முன் நிகழ்வதே. ஆயினும், 'இது முருகனால் வந்த நோய்' என்று அவர்கள் கொள்ளும் முடிபு மட்டும் பிழை. தோழி அதனை அறிவாள், தலைவி அறிவாள், படிக்கும் நாமும் அறிவோம்.

இப்பகுதியை வகுப்பில் நடத்தியபோது ஆசிரியர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அந்தத் தாயைப் பார்த்துச் சிரித்தவர்களுள் யான் சற்று உரக்கவே சிரித்தேன் என்று நினைவு. நிற்க.

ஈண்டு யான் எழுதப் புகுந்தது வேலனைப் பற்றியன்று. ஆங்கிலப் புனைகதை ஒன்றில் வரும் ஒரு கரிய உருண்டையைப் பற்றி. தமிழ்ப் பகுதிக்கு இஃது என்ன பொருள் என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள்க. அவ்வுருண்டையை யான் கதைப்பொருளாக மட்டும் படித்திலேன்.

சென்ற ஆண்டு என் பாட்டனார் இறந்தார். அடக்கம் முடிந்து விடுதிக்குத் திரும்பிய பின் பாடநூல் எதிலும் என் மனம் செல்லவில்லை. என் அறையிற் பங்காளியாய் இருப்பவர் ஆங்கில இலக்கியம் பயில்பவர். அவர் என் நிலை கண்டு, தம் அலமாரியிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்து என் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமற் போய்விட்டார். அது ஜே. ஆர். ஆர். டோல்கியன் என்பவர் இயற்றிய 'லார்ட் ஆப் த ரிங்ஸ்'. 1954ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலுமாக மூன்று பகுதிகளாய் வெளிவந்தது. டோல்கியன் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலமும் மொழிநூலும் கற்பித்த பேராசிரியர். 1892இல் தென்னாப்பிரிக்காவிற் பிறந்து 1973இல் இறந்தவர். மொழிகளைப் புதிதாகப் படைப்பது அவருக்கு இளமை முதலே விளையாட்டு. ஒலியிலக்கணமும் சொல்லாக்க விதியும் வகுத்து மொழிகளை ஆக்கிவிட்டு, அவற்றைப் பேசுவதற்கு மக்களும், அம்மக்கள் வாழ்வதற்கு நாடும், அந்நாட்டிற்கு வரலாறும் படைத்தார் என்று சொல்வது பெரிதும் பொருந்தும். எழுத்தையும் சொல்லையும் முன்வைத்துப் பொருளைப் பின்வைத்த தொல்காப்பிய வைப்புமுறை எனக்கு நினைவு வந்தது. இவ்வொப்புமையை என் பங்காளியிடம் கூறியபோது அவர் கொட்டாவி விட்டார்.

அவ்வுருண்டையின் பெயர் 'பலந்தீர்'. குவென்யா என்னும் அவர் படைத்த மொழியில் 'பலன்' என்றால் சேய்மை எங்கும் பரந்து என்று பொருள். 'தீர்' என்றால் நோக்கு. சேய்மையை நோக்குவது என்பது சொற்பொருள். தொலைநோக்கி என்னும் நம் சொல்லும் இவ்வாறே அமைந்தது. ஆயினும் அச்சொல்லை விஞ்ஞானம் எடுத்துக்கொண்டுவிட்டமையால், யான் இதனைச் 'சேணோக்கி' என்று வழங்குவேன்.

பார்வைக்கு அது வழுவழுப்பான ஓர் உருண்டை, பளிங்கு போன்றது, ஆழ்ந்த கருநிறம். சிறியது ஏறத்தாழ ஓர் அடி குறுக்களவு உடையது. பெரியது ஒருவனால் தூக்க இயலாதது. எளிதில் உடையாது. மேற்றிசைக்கு அப்பால் வாழ்ந்த மூத்தோர் இவற்றைச் செய்தனர். அவற்றுள் ஏழு, நூமெனோர் என்னும் தீவின் பெருமக்களுக்குப் பரிசாக வந்தன. அத்தீவைக் கடல் கொண்டபோது, எலெந்தில் என்பவனும் அவன் மக்கள் இருவரும் 9 கப்பல்களில் தப்பி வந்தனர். ஏழு கற்களும் உடன் வந்தன. கடல்கோளிலிருந்து தப்பியோர் கொண்டுவந்த பொருள் என்றவுடன், கபாடபுரத்தைக் கேட்டு வளர்ந்த நம் செவி சிறிது நிமிர்கின்றது. ஆனால் ஒப்பிட்டுக்கொண்டே போனால் கட்டுரை முடியாது.

அவ்வேழு கற்களையும் அவர்கள் நாடெங்கும் கோபுரங்களில் வைத்தனர். ஒரு கல்லை நோக்குவோன் மற்றொரு கல்லின்முன் நிற்பவனோடு மனத்தால் உரையாடலாம். ஓசை கேளாது, எண்ணம் மட்டும் செல்லும். நெடுந்தொலைவிலிருந்த அரசர் இருவர் நாள்தோறும் செய்தி மாற்றிக்கொள்ள உதவியது இதுவே. காலப்போக்கில் கற்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அவர்கள் எண்ணிக்கைப்படி மூன்றாம் ஊழியின் 1437ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரில் ஓஸ்கிலியாத் நகர் எரிந்தபோது, தலைமைக் கல் ஆற்றில் மூழ்கிற்று. 1975இல் வடநாட்டு அரசனது கப்பல் பனிக்கடலில் உடைந்தபோது இரண்டு கற்கள் அவனோடு ஆழ்ந்தன. 2002இல் பகைவர் ஒரு நகரைப் பற்றியபோது ஒரு கல் சாரோன் என்னும் கொடியோன் கையிற் சிக்கிற்று. கடற்கரை மலைமேல் இருந்த ஒரு கல் மேற்குக் கடலையன்றி வேறொன்றையும் காட்டாது. எலெந்தில் தான் இழந்த தேயத்தை நினைந்து நோக்குவதற்கென்றே வைத்தது அது. எஞ்சியவை இரண்டு. ஒன்று சாருமான் என்னும் முனிவன் வாழ்ந்த ஓர்தாங்கு என்னும் கோட்டையில்; மற்றொன்று மினாஸ் திரித் என்னும் தலைநகரில். கதை நிகழும் காலத்தில் இக்கற்களைப் பற்றி அறிந்தோரே மிகச் சிலர்.

கதையில் இவ்வளவும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றது. கல் எவ்வாறு தொழிற்படும் என்பதை ஆசிரியர் தனியே ஒரு கட்டுரையாக எழுதி வைத்திருந்தார். அவர் மகனார் கிறிஸ்தோபர், 1980இல் 'முற்றுப்பெறாக் கதைகள்' என்ற தொகுதியில் அதனை வெளியிட்டார். அதையும் தேடிப் படித்தேன். இல்லாத ஒரு பொருளுக்கு இத்துணை நுட்பமாக இலக்கணம் வகுத்தவரை யான் வேறெங்கும் கண்டதில்லை. கல்லை நிறுத்துவதற்கு மேல்கீழ் உண்டு. முறைப்படி நிறுத்தாவிடில் ஒன்றும் தோன்றாது. கிழக்கே காண விரும்புவோன் கல்லின் மேற்குப் புறத்தில் நிற்றல் வேண்டும். முதலில் காட்சி சிறிதாகத் தோன்றும். மனத்தை ஒரு புள்ளியிற் குவித்தால் பெரிதாகும். ஆனால் அவ்வாறு குவிப்பது உடலைச் சோர்விக்கும் கடுந்தொழில். கல்லின் பார்வைக்கு மலை தடையன்று, மதில் தடையன்று. இருள் மட்டும் தடை. மலையை ஊடுருவி அப்பாலுள்ள குகையை அது காணும். குகைக்குள் விளக்கு இல்லையேல் அங்கே கருமையன்றி ஒன்றும் இராது. மறைக்க வேண்டியவற்றை மறைத்துக் காக்கும் முறையும் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது.

இவற்றினும் முதன்மையான விதி ஒன்று உண்டு. கல் பொய் சொல்லாது. சாரோனும் அதனைப் பொய் சொல்லுவிக்க இயலாது. அவன் செய்யக்கூடியது, தன்னினும் மெலிந்த மனம் உடையோனின் பார்வையைத் தான் விரும்பும் பக்கம் திருப்புவது, காட்சியைத் தெரிந்தெடுப்பது. அவ்வளவே. எனினும் அக்கதையிற் கல்லை நோக்கியவருள் ஏமாறாதவர் மிக அரியர். சாரோனே ஏமாறுகின்றான். பிப்பின் என்னும் குறுமனிதன் விளையாட்டுப் பிள்ளை; ஓர்தாங்கிலிருந்து எறியப்பட்ட கல்லை, காண்டால்ப் என்னும் முனிவர் உறங்கும்போது களவாய் எடுத்து நோக்குகின்றான். மறுபுறத்தில் சாரோன் அவனைக் காண்கின்றான். கண்டது உண்மையே, குறுமனிதன் ஒருவன்தான் கல்லின் முன் இருந்தான். ஆனால், 'நான் தேடும் மோதிரத்தை உடையவன் இவன்; சாருமானின் சிறையில் இருக்கின்றான்' என்று சாரோன் முடிவு செய்கின்றான். இரண்டும் தவறு. கல் அவனுக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

2003இல் அமெரிக்காவிலே தொடங்கிய நிறுவனம் ஒன்று, செய்திகளைத் திரட்டி ஆராயும் தொழிலுக்கு இக்கல்லின் பெயரையே சூட்டிக்கொண்டிருக்கின்றது. பெயர் வைத்தவர் கதையை எந்தப் பக்கம் வரை படித்தார் என்று என் பங்காளி கேட்பதுண்டு.

யான் சொல்ல விரும்பியது தெனெதோர் என்பவனைப் பற்றி. கொண்டோர் என்னும் நாட்டில் அரசர் குடி அற்றுப்போனபின், அரசர் திரும்பும் வரை நாட்டைக் காக்கும் பொறுப்பேற்ற காவலர் வழியில் வந்தவன் அவன். அறிவு மிக்கவன், மானமும் மிக்கவன், மனைவியை இளமையிலேயே இழந்தவன். மினாஸ் திரித்தின் கல் அவன் வசம் இருந்தது. முன்னோர் அஞ்சி விலக்கியதை அவன் துணிந்து நோக்கினான். அதற்கு அவனுக்கு உரிமையும் இருந்தது. ஆதலால் சாருமான் அடிமையானதுபோல் அவன் அடிமையாகவில்லை. சாரோன் அவன் மனத்தை வளைக்க முயன்று தோற்றான். ஆயினும் அந்தப் போராட்டத்தில் அவன் காலத்திற்கு முன்பே முதுமையுற்றான். கல்லில் அவனுக்குக் கிட்டிய செய்திகள் நாட்டுக்குப் பலகாலும் பயன்பட்டன. அவற்றினூடே, பகைவனின் படைப்பெருக்கம் மீண்டும் மீண்டும் அவன் கண்ணிற் பட்டது. பட்டதெல்லாம் மெய். அத்தகைய படை உண்மையாகவே இருந்தது.

மூத்த மகன் போரோமிர் வெளிநாட்டில் மாண்டான். இளைய மகன் பாரமிர் போரிற் காயமுற்று, காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கின்றான். நகரைப் பகைவர் சூழ்ந்துவிட்டனர். இந்நிலையில் தெனெதோர் கோபுரத்தின்மேற் சென்று கல்லை நோக்குகின்றான். ஆண்டுயின் என்னும் ஆற்றில் கரும்பாய் விரித்த கப்பல்கள் நிரை நிரையாய்த் தலைநகர் நோக்கி வருவதைக் காண்கின்றான். கரும்பாய்க் கப்பல்கள் தென்கடற் கொள்ளையர்க்கு உரியவை. அவர் சாரோனுக்குத் துணைவர். இனி என்ன உளது? பாரமிர் பிழையான், நாடு பிழையாது என்று துணிந்து, முன்னோரைப் புதைக்கும் மண்டபத்தில் விறகு அடுக்கச் செய்து, உயிருள்ள மகனைத் தன்னருகே கிடத்தி, இருவரையும் சேர்த்து எரிக்குமாறு கட்டளை இடுகின்றான். பிப்பின் ஓடிச்சென்று காண்டால்பை அழைத்து வர, பாரமிர் காப்பாற்றப்படுகின்றான். தெனெதோர் தானே தீ மூட்டிக்கொண்டு, கல்லை மார்போடு அணைத்தவாறு எரிந்து போகின்றான்.

அக்கப்பல்கள் கொள்ளையருடையவையே; பாய்கள் கரியவையே; காற்று அவற்றை நகர்நோக்கிக் கொணர்ந்ததும் உண்மையே. ஆனால் அவற்றுள் இருந்தவன் அரகோர்ன். கொண்டோரின் உண்மையான அரசன். இரண்டு நாள் முன்பு கப்பல்களைக் கைப்பற்றி, நகரைக் காக்க வந்துகொண்டிருந்தவன். தெனெதோர் கண்டது அழிவை அன்று, உதவியை.

இவ்விடத்தில் யான் நூலை மூடி வைத்துவிட்டேன். இரவு நெடுநேரம் எடுக்கவில்லை.

யான் குமரி மாவட்டத்துக் கடற்கரையைச் சேர்ந்தவன். என் தந்தையார் பள்ளி ஆசிரியர். அவர் தம்பியார், அதாவது என் சிற்றப்பா, ஆழ்கடலுக்குச் செல்பவர். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கரையை விட்டுச் சென்றால் வாரக்கணக்கில் திரும்பா; சில வேளைகளில் மாதமும் கடக்கும். 2017ஆம் ஆண்டு நவம்பரில் சிற்றப்பாவின் படகு புறப்பட்டது. அம்மாதம் 30ஆம் நாள் ஓகிப் புயல் எங்கள் கரையோரமாய்க் கடந்து இலட்சத்தீவை நோக்கிச் சென்றது. எனக்கு அப்போது 11 வயது. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. இரப்பர் மரங்கள் முறிந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் இருண்டது. கடலுக்குச் சென்றவர் வீட்டார் எல்லாரும் கோவில் முற்றத்திலேயே இருந்தோம். கைபேசிகளுக்கு மின்னேற்றும் இடம் அங்கிருந்த ஜெனரேட்டர் ஒன்றே.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு காட்சிப்படம் கைபேசிக்குக் கைபேசி பரவி வந்தது. ஏதோ ஒரு கப்பலிலிருந்து எடுத்தது. அரை நிமிடத்திற்கு மேல் ஓடாது. சாம்பல் நிறக் கடல். அதில் கவிழ்ந்த படகொன்று. அடிப்பகுதி மேலே தெரிந்தது. அலை தூக்கும்போது முன்னணியத்தின் பக்கம் ஒரு கணம் தோன்றும்; பச்சை வண்ணம், வெள்ளைக் கோடு, கோட்டின்மேல் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தை வரைந்தவர் சிற்றப்பாவே. கோணல் நட்சத்திரம், ஒரு முனை நீண்டிருக்கும். ஐயமில்லை.

என் பாட்டனார் 14 வயது முதல் கட்டுமரத்தில் கடல் கண்டவர். கைபேசியைத் தொட்டறியாதவர். அன்று தந்தையார் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. விரலால் எங்குத் தொட்டால் மீண்டும் ஓடும் என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். யானே காட்டிக்கொடுத்தேன். அந்தப் பகலும் இரவும் அவர் அதனை எத்தனை முறை பார்த்தார் என்று எண்ணுவார் இல்லை. மின்னேற்றம் தீர்ந்தால் தாமே எழுந்துபோய் வரிசையில் நிற்பார். ஏற்றிக்கொண்டு வந்து மீண்டும் பார்ப்பார். தந்தையார் கொச்சிக்குச் சென்று விசாரிக்கப் புறப்பட்டபோது தடுத்துவிட்டார். "கண்ணால் கண்டதற்கு விசாரணை என்ன?" என்றார். பங்குத்தந்தையிடம் சென்று, துக்கமணி அடிக்கவேண்டும், உடல் இல்லாமலே அடக்கம் செய்யவேண்டும் என்று கேட்டார். அவர் பொறுக்கச் சொன்னதற்கு இவர் கோபித்துக்கொண்டு வந்தார்.

பிறகு சிற்றன்னையிடம் கைபேசியை நீட்டினார். தாலியைப்பற்றியும் ஏதோ சொன்னார். அச்சொற்களை இங்கு எழுத எனக்கு மனமில்லை. சிற்றன்னை ஒரே முறை பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதில் படகுதானே மாமா தெரிகிறது? ஆள் தெரியவில்லையே" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கஞ்சி வடிக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டார்.

அன்று மாலை பாட்டனார் வீட்டுக்குச் சென்றார். தென்னந்தோப்பில் அவருடைய பழைய கட்டுமரம் கிடந்தது. சிற்றப்பாவுக்குக் கடல் பழக்கியது அதன்மேல்தான். அதன் கயிற்றை அறுத்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து, கோடரியால் பிளந்தார். விறகு இல்லாமல் கோவில் முற்றத்தில் அடுப்பு அணையும் நிலையில் இருந்தது. அந்தக் கட்டைகள் அங்கே வந்தன. நாங்கள் அனைவரும் அவ்விரவு அதில் வெந்த கஞ்சியைத்தான் குடித்தோம்.

டிசம்பர் 6ஆம் நாள் மகாராஷ்டிரத்துத் தேவ்கட் துறையிலிருந்து சிற்றப்பா பேசினார். படகு கவிழுமுன்பே எண்மரும் உடன்சென்ற வேறொரு படகிற்குத் தாவி ஏறிவிட்டனராம். கப்பலிலிருந்தவர் படம் எடுத்த நேரத்தில் அவர்கள் வடக்கே பல கல் தொலைவு சென்றிருத்தல் வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் அவ்வாறு திரும்பாதவர் பலர். எங்கள் வீட்டிற்கு அவர் திரும்பினார். வந்த மறுநாள் தோப்புக்குச் சென்றுவந்து, "மரம் எங்கே?" என்று கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. பாட்டனார் அப்போது வீட்டில் இல்லை.

கல்லின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. அதனை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். தெனெதோர் எரிந்த பின்னும் கல் உடையவில்லை. ஆனால் அதற்குப்பின் அதனை நோக்குவோர், பேராற்றல் மிக்க மனத்தால் அதை வேறு பக்கம் திருப்பினாலன்றி, ஒன்றையே காண்பார். தீயில் வாடிக் கருகும் முதியவன் ஒருவனின் இரண்டு கைகள். ஆசிரியர் இதனை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றார். இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சிற்றப்பா திரும்பிய நாள் முதல் பாட்டனார் கைபேசியைப் பார்த்ததில்லை. வீட்டில் யாரேனும் படத்துடன் பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நாங்கள் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. கிழவரின் பிடிவாதம் என்று விட்டுவிட்டோம்.

பின்பு யான் இக்கல்லூரிக்கு வந்தேன். வருவதில் ஒரு பூசல் இருந்தது. பாட்டனார் என்னைக் கப்பல் இயந்திரம் படிக்க வைக்க வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தார். படகில் அன்றி இரும்புக் கப்பலில் ஒருவனாவது போகட்டும் என்பார். யான் தமிழ் எடுத்தேன். புறப்படும் நாளில் அவர் ஒன்றும் பேசவில்லை. விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் வீட்டாரோடு கைபேசியிற் பேசுவேன். தந்தை, தாய், சிற்றப்பா, சிற்றன்னை, பிள்ளைகள் எல்லாரும் திரைக்கு வருவர், பாட்டனார் வாரார். முதலிற் கேட்டுப் பார்த்தேன். பின்னர், 'அவருக்கு என்மேற் கோபம்' என்று எனக்குள் தீர்த்துவிட்டேன். ஒருநாள், அவர் நோயுற்றுக் கிடந்தபோது, தந்தையார் கைபேசியை அவர் கட்டிலருகே கொண்டு சென்றார். திரையில் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நரைத்த பிடரியும், சுவரில் தொங்கிய நாட்காட்டியும் எனக்குத் தெரிந்தன. கண்ணால் கண்டதற்கு வேறு சான்று வேண்டுமா? அதன்பின் இரண்டு மாதம், அவர் நலத்தைக் கேளாமலே வீட்டாரோடு பேசினேன். தேர்வைக் காரணம் காட்டி, விடுமுறைக்கு ஊர் செல்வதையும் தள்ளினேன். யான் சென்றபோது அவர் பெட்டியில் இருந்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வீட்டின் பின்புறத் திண்ணையில் சிற்றன்னை மீன் அரிந்துகொண்டிருந்தார். யான் அருகில் அமர்ந்திருந்தேன். அவருக்கு என் மனக்குறை எவ்வாறு தெரிந்ததோ அறியேன். யான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கையை நிறுத்தாமலே சொன்னார்: "நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் உன் பாட்டா அந்தக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். படத்தைப் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நீ பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, 'பையன் குரல் தடித்திருக்கிறதே, சளியோ?' என்பார். 'சரியாகச் சாப்பிடுகிறானா என்று நீ ஏன் கேட்கவில்லை?' என்று என்னோடு சண்டைக்கு வருவார்."

அந்த நாற்காலி இன்னும் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.